செம்புத் தொட்டியும் நாலு மைனாவும்

பட்டறையில் ஒரு விசைப்படகின் சுக்கான் தகட்டை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது, மண்டபம் ஊருக்குப் பக்கத்து ரிசார்ட் மேனேஜர் போன் செய்தார்.

“மாஸ்டர், நீங்க செஞ்ச பறவைத் தொட்டியில ஒரு குறையும் இல்ல.”

முப்பது வருட வெல்டிங் தொழிலில், குறை இல்லை என்று சொல்வதற்காக யாரும் எனக்குப் போன் செய்ததில்லை.

“தொட்டிக்குப் பக்கத்துல நாலு மைனா விழுந்து கிடக்கு. தோட்டக்காரம்மா பூச்சிமருந்து அடிச்சிருக்கும். தொட்டி தரமானதுன்னு உங்க லெட்டர்பேடுல ஒரு வரி எழுதிக் குடுங்க. அந்தம்மாவ வேலைய விட்டு அனுப்பிடலாம்.”

தோட்டக்காரம்மா என்றால் செலின். தங்கச்சிமடத்துக்காரர். கணவர் கடலில் காலை முறித்துக்கொண்டு வீட்டோடு இருக்கிறார். அந்த ரிசார்ட் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

தொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே மேனேஜர்தான் பட்டறைக்கு வந்தார். நான் எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் செய்யலாம் என்றேன்.

“காப்பர்தான் வேணும் மாஸ்டர். காப்பர் வாட்டர் மனுஷனுக்கே அவ்வளவு நல்லது. பறவைக்குக் கசக்குமா? போட்டோவுலயும் தகதகன்னு இருக்கும்.”

பறவைகள் கேட்டுக்கொண்டது போலவே பேசினார். ஒழுங்காகச் செய்தால் தகடுகள் சேரும் மூட்டுகளை கேஸ் சூட்டில் பித்தளைக் கம்பி உருக்கிப் பிரேசிங் பண்ண வேண்டும். மெல்லிய தகடு சூட்டில் நெளியும். நெளிவெடுக்க ஒரு நாள் பிடிக்கும். நான் காரீயம் கலந்த சால்டர் கம்பியை உருக்கி மூட்டில் ஓட்டி முடித்துவிட்டேன். வளைகுடாவில் ஹோட்டல் சமையலறைகளுக்குத் தொட்டி செய்த காலத்தில், குடிதண்ணீர்ப் பக்கம் அந்தச் சால்டரைக் கொண்டு போனாலே ஃபோர்மேன் வேலையை விட்டுத் துரத்தியிருப்பார். எனக்கு அது நன்றாகத் தெரியும். பறவைதானே, புகார் எழுதவா போகிறது என்று நினைத்தேன்.

ரிசார்ட்டுக்குப் போனேன். மூன்று மைனா செத்திருந்தன. நாலாவதை செலின் அட்டைப்பெட்டியில் வைத்திருந்தார். இறக்கை தொங்கி, தலையைத் தூக்க முடியாமல் கிடந்தது.

“காதர் அண்ணே, நான் வேப்பம் புண்ணாக்கத் தவிர ஒண்ணும் போடல. இவருதான் தொட்டி மின்னணும்னு தெனமும் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னாரு. பத்தாததுக்குத் தண்ணியிலயே எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு விடச் சொன்னாரு. செம்புல புளிப்ப ஊத்தி வச்சா களிம்பு ஏறும், யாரும் குடிக்க மாட்டாகன்னு அன்னைக்கே சொன்னேன்.”

“அது பழைய நம்பிக்கை” என்றார் மேனேஜர். ரசாயனம் பழைய நம்பிக்கை ஆகிவிட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெட்டியோடு ராமநாதபுரம் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். பழி பூச்சிமருந்தின் மேல் விழுவதைக் கண்ணால் பார்க்க மேனேஜரும் வந்தார். மைனாவை வாங்கிப் பார்த்த டாக்டரம்மா, தொட்டியைப் பற்றி விசாரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“மூட்டுல என்ன போட்டீங்க?”

மேனேஜர் என்னைப் பார்த்தார். ரிசார்ட் கிச்சனுக்கு மொத்த எஸ்.எஸ். வேலையும் எனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தார். “பிரேசிங்” என்று ஒரு சொல் சொன்னால் போதும், தொட்டி மேல் பழி வராது. செலின் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காரீயச் சால்டர்” என்றேன்.

“ரத்தம் எடுத்துப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்” என்றார் டாக்டரம்மா. “ஆனா புளிப்புத் தண்ணி செம்பையும் அரிக்கும், காரீயத்தையும் கரைக்கும். இத்தனூண்டு உடம்புக்குக் கொஞ்சம் போதும். மொதல்ல அந்தத் தொட்டியக் காலி பண்ணுங்க.”

மேனேஜர் வெளியே வந்ததும் கொதித்தார். “ஒரு லெட்டர் கேட்டேன். வாக்குமூலமே குடுத்துட்டீங்க!”

கிச்சன் வேலை வேறு பட்டறைக்குப் போனது. செலினை அனுப்ப முடியவில்லை. டாக்டரம்மா தொட்டியைப் பற்றி எழுதிக் கொடுத்த சீட்டைச் செலின் மடித்துத் தன் பையிலேயே வைத்திருந்தார். நாலாவது மைனா ஒரு வாரத்தில் பறந்தது. செம்புத் தொட்டியில் இப்போது பிளாஸ்டிக் தாமரை மலர்ந்திருக்கிறது. “பறவைகள் நலனுக்காக மாற்றப்பட்டது” என்று பலகையும் உண்டு. பறவைகள் செலின் வேப்ப மர நிழலில் வைத்த மண் சட்டிக்கு வருகின்றன.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். உலோகம் எல்லாமே விஷம் இல்லை. நல்ல எஸ்.எஸ். போதும், ஆழம் குறைவாக, வெயில் சுடாத இடத்தில் வையுங்கள். ஜிங்க் பூசிய தகட்டையும் காரீயத்தையும் தவிருங்கள். தினமும் தண்ணீர் மாற்றித் தேங்காய் நாரால் தேய்த்தால் போதும், புளி குழம்புக்கு இருக்கட்டும்.

இதையெல்லாம் கற்றுக்கொண்ட பெருமையில், உண்மையைச் சொன்னதற்குச் செலின் ஒரு நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்து ஒரு நாள் அந்தப் பக்கம் போனேன். அவர் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“நல்லதுதாண்ணே சொன்னீக” என்றார், நிமிராமலே. “ஆனா அந்த மூணும் செத்த பெறகுல்ல சொன்னீக.”