திரைக்குப் பின்னால் நாலாம் நம்பர்

பேய்க் கதை என்றால் நடுராத்திரி வேண்டும், பாழடைந்த வீடு வேண்டும், தூரத்தில் ஒரு நாயாவது ஊளையிட வேண்டும். இதில் அதெல்லாம் கிடையாது. இது நடந்தது பட்டப்பகலில், காலை 11:31க்கு. ஒரு பல்கலைக்கழகத்தின் இசைத் துறையில், மூன்றாவது மாடியில், ட்யூப் லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்த அறையில். சத்தியமாக நடந்தது. கதை விடுகிறார்கள் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். யாருக்கு இது நடந்ததோ, அவளே முதல் ஒரு மாதம் அப்படித்தான் நினைக்கப் பார்த்தாள்.

அவள் அங்கே ஃப்ளூட் பேராசிரியை. அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன் ஒருவன் இருந்தான். கிளாரினெட் வாசிப்பவன். ஒவ்வொரு வரியையும் தொடங்கும் முன் அவன் மூச்சு இழுப்பது கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம். அதனால் வகுப்பில் அவனுக்குப் ‘பம்பு’ என்று பெயர் வைத்தார்கள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. பிற்பாடு கட்டிக்கொண்ட மனைவியே அவனை அப்படித்தான் கூப்பிட்டாள்.

அவளுக்கு இருபத்தொன்பது வயதில் நிரந்தர வேலை கிடைத்தது. கதவில் பித்தளைப் பெயர்ப்பலகை மாட்டினார்கள். பம்புக்கு அந்த அதிர்ஷ்டம் அடிக்கவில்லை. மூன்று கல்லூரிகளில் மணிக்கு இவ்வளவு என்ற சம்பளத்தில் பாடம் எடுத்தான். காலையில் ஒரு ஊர், மதியம் ஒரு ஊர். சாப்பாடு காரில். செமஸ்டர் முடிந்ததும் ஒப்பந்தம் முடியும், அலமாரியைக் காலி செய்வான். லீவு முடிந்து வந்ததும் தன் பெயரை ஒரு தாளில் எழுதி, டேப் போட்டுக் கதவில் ஒட்டுவான். பதினேழு வருடம் தற்காலிகம். தற்காலிகம் என்ற சொல்லுக்கே வெட்கம் வந்திருக்கும்.

“என்ன புரொபசரம்மா, பித்தளைக்குப் பாலிஷ் போட்டாச்சா?” என்பான் அவளைப் பார்க்கும்போதெல்லாம். அதில் பொறாமை ஒரு துளி கிடையாது. இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏனென்றால் அவள் மனதில் ஒரு முள் இருந்தது.

அங்கே ஆசிரியர் தேர்வு இப்படித்தான் நடக்கும். நடுவில் ஒரு கருப்புத் திரை. இந்தப் பக்கம் தேர்வுக் குழு, அந்தப் பக்கம் வாசிப்பவர். காலடிச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடக் கூடாது என்று தரையில் கம்பளம் விரித்திருப்பார்கள். வாசிப்பவருக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். எல்லாரும் வாசிப்பது ஒரே பாட்டு. வாயைத் திறந்து பேசக் கூடாது. குழுவுக்குப் போதும் என்று தோன்றினால், “போதும், நன்றி” என்று யாராவது ஒருவர் சொல்வார்கள். உடனே நிறுத்திவிட வேண்டும். பாதி வரியில் இருந்தாலும் சரி.

ஆறு வருடத்துக்கு முன்னால், நிரந்தர கிளாரினெட் வேலைக்காகப் பம்பு அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தான். குழுவில் அவளும் இருந்தாள். முதல் மூச்சிலேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. நன்றாகத்தான் வாசித்தான். ஆனால் வேண்டியவனுக்கு மார்க்கை அள்ளிப் போட்டாள் என்று நாளைக்கு யாரும் வாய் திறந்துவிடக் கூடாதே என்ற பயம். இரண்டாவது நிமிடமே “போதும், நன்றி” என்றாள். மார்க்கைக் குறைத்துப் போட்டாள். குறிப்பு என்ற இடத்தில் ‘மூச்சுச் சத்தம் அதிகம்’ என்று எழுதினாள்.

குறிப்பு அவனுக்குத் தபாலில் போயிற்று. “மூச்சே விடாம எப்படிடி ஊதறது?” என்று அவளிடமே காட்டிச் சிரித்தான். போதும் என்று சொன்ன குரல் யாருடையது என்று அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அதை மட்டும் அவன் கேட்கவே இல்லை.

இந்த முறை மறுபடியும் அதே வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அவனுக்கு வயது நாற்பத்தொன்பது. ஐம்பதைத் தாண்டினால் விண்ணப்பிக்க முடியாது. கடைசி வாய்ப்பு.

“நீ குழுவுல இருக்க. இனிமே முடிவு வர்ற வரைக்கும் பேச வேண்டாம்” என்றான் அவன் போனில்.

“ரொம்பத்தான் நியாயஸ்தன்.”

“யாரும் ஒண்ணு சொல்லிடக் கூடாதுல்ல? வைக்கிறேன்.”

நான்கு மாதம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

தேர்வு நாள். குழுவில் மூன்று பேர். துறைத் தலைவர், சாக்ஸபோன் ஆசிரியர், அவள். திரைக்குப் பின்னால் நம்பர் சொல்லி அனுப்ப அலுவலக அக்கா. வாசிப்புக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று ஏசியை நிறுத்திவிட்டார்கள்.

அவள் ஒரு முடிவோடு வந்திருந்தாள். அந்த மூச்சு கேட்கட்டும். இந்த முறை உள்ளதை உள்ளபடி போடுவேன். யார் என்ன சொன்னாலும் சரி.

ஒன்றாம் நம்பர். அந்த மூச்சு இல்லை. இரண்டு, இல்லை. மூன்று, அதுவும் இல்லை.

அவள் குனிந்து மூன்றாம் நம்பருக்கு மார்க் எழுதிக்கொண்டிருந்தாள். திரைக்குப் பின்னால் அக்காவின் குரல் கேட்டது.

“நாலாம் நம்பர்...”

அக்கா முடிப்பதற்குள் வாசிப்பு தொடங்கிவிட்டது. தாளின் ஓரத்தில் நேரம் குறித்தாள். 11:31.

நாற்காலி நகரும் சத்தம் இல்லை. சுதி சேர்த்துப் பார்க்கவில்லை. ஒரே ஒரு சுரம் கூட ஊதிப் பார்க்கவில்லை. நேரடியாகப் பாட்டு. ஆனால் என்ன வாசிப்பு! இவ்வளவு வருடத்தில் அவள் இப்படி ஒரு கிளாரினெட்டைக் கேட்டதில்லை.

துறைத் தலைவர் எழுந்து ஜன்னலோரம் போய்த் தன் கார் நிற்கிறதா என்று பார்த்தார். சாக்ஸபோன்காரர் சாக்லேட் காகிதத்தைச் சரசரவென்று பிரித்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷர்களா இவர்கள்? இப்படி ஒருவர் வாசிக்கும்போது...

11:33.

ஏதோ சரியில்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

மூச்சு இல்லை.

சத்தமான மூச்சு இல்லை என்பதல்ல. மூச்சே இல்லை. பாட்டில் நீளமான ஒரு பகுதி வரும். எப்பேர்ப்பட்டவரும் அதில் மூன்று இடத்திலாவது மூச்சு எடுத்தாக வேண்டும். நாலாம் நம்பர் எடுக்கவில்லை. ஊதிக்கொண்டே மூக்கால் காற்றை இழுக்கிற வித்தை ஒன்று உண்டு. அதிலும் லேசாக ஒரு உறிஞ்சல் கேட்கும். இதில் அதுவும் இல்லை.

பாட்டுக்கு அடியில் வேறு ஒரு சத்தம் இருந்தது.

புஸ்ஸ்... டிக்.

புஸ்ஸ்... டிக்.

ஏசி என்று நினைத்தாள்.

ஏசியை நிறுத்தியிருந்தார்கள்.

11:36. மார்க் எழுதினாள். நூற்றுக்கு நூறு. அந்தத் தாளில் அவள் அதுவரை யாருக்கும் போடாத மார்க். போட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இனி அஞ்சாம் நம்பராகப் பம்பு வந்தால் என்ன, ஆறாம் நம்பராக வந்தால் என்ன? இவரைத் தாண்டி அவனுக்கு எப்படிக் கிடைக்கும்? யாரோ ஒருவர் வந்து, அவனுடைய பதினேழு வருடத்தை ஐந்து நிமிடத்தில் எடுத்துக்கொண்டு போகிறார்.

பாட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. கடைசிப் பக்கம் இன்னும் பாக்கி.

அவளால் தாங்க முடியவில்லை.

“போதும், நன்றி” என்றாள்.

நின்றது.

பாதி வரியில்.

அந்தப் ‘புஸ்ஸ்’ சத்தமும் நின்றது...

பழக்கதோஷத்தில் தாளில் நேரம் குறித்தாள். 11:38.

துறைத் தலைவர் திரும்பிப் பார்த்தார். சாக்ஸபோன்காரர் சாக்லேட்டை மெல்லாமல் வாயில் வைத்திருந்தார்.

“யாருக்கு மேடம் நன்றி?”

“நாலாம் நம்பருக்கு.”

“நாலாம் நம்பர் வரலைன்னு அக்கா சொன்னாங்களே? பத்து நிமிஷம் பார்க்கலாம்னுதான் காத்திருக்கோம்...”

அவள் எழுந்தாள். திரையை விலக்கினாள்.

நாற்காலி காலி.

அக்கா கதவோரம் தனியாக நின்றாள். “யாரும் வரல மேடம். அப்பவே சொன்னேனே.”

“யாரும் வாசிக்கலையா?”

“யார் வாசிப்பாங்க?”

எதிரில் தாங்கியில் இசைத்தாள் இருந்தது. மூன்றாம் நம்பரை இரண்டாம் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார்கள்.

தாள் நாலாம் பக்கத்தில் திறந்திருந்தது.

மணி 12:20க்கு அவள் போன் அடித்தது. பம்பின் மனைவி. தையல் வேலை செய்பவள், அதிர்ந்து பேசத் தெரியாதவள்.

“அக்கா... அவரு போயிட்டாருக்கா.”

எங்கே என்றுதான் அவள் முதலில் கேட்டாள். பிறகுதான் புரிந்தது.

மருத்துவமனைக்கு எப்படிப் போனாள் என்று அவளுக்கு நினைவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் திறந்ததும் கால் அப்படியே நின்றுவிட்டது. பக்கத்துக் கட்டிலில் யாருக்கோ மூச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

புஸ்ஸ்... டிக். புஸ்ஸ்... டிக்.

பம்பின் கட்டிலில் இயந்திரத்தைக் கழற்றிவிட்டார்கள். முகத்தில் டேப் ஒட்டியிருந்த தடம் மட்டும் இருந்தது. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வாய்விட்டு அழுதாள். முப்பது வருடப் பழக்கத்தில் அவன் கையை அவள் பிடித்தது அதுதான் முதல் தடவை.

“பதினோரு நாளாச்சுக்கா. நுரையீரல்ல கிருமி. சொந்தமா மூச்சு விட முடியல, மெஷின்தான் விட்டுச்சு” என்றாள் மனைவி.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?”

“சொல்லக் கூடாதுன்னுட்டாருக்கா. மெஷின் வைக்கறதுக்கு முன்னாடி சொன்ன கடைசிப் பேச்சே அதான். ‘அவளுக்குத் தெரிஞ்சா பாவப்பட்டு மார்க் போடுவா. வேண்டாம். தேதிக்குள்ள நான் எழுந்து போயிடுவேன்’னாரு.”

மனைவி பேராசிரியையின் தோளைத் தொட்டாள்.

“வேலை யாருக்குக் கிடைச்சுதுக்கா?”

“இன்னும் முடிவாகல.”

“ஓ.” அவன் மேல் இருந்த போர்வையைச் சரி செய்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “காலையில ஒண்ணு நடந்துச்சுக்கா. நர்ஸ் நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க நம்புவீங்க.”

“சொல்லு.”

“பதினோரு நாளா அசைவே இல்ல. பதினொண்ணரைக்கு மேல, ஒரு நிமிஷம் இருக்கும், விரலு அசைய ஆரம்பிச்சுது. ரெண்டு கையும். போர்வை மேல. வலிப்புன்னாங்க நர்ஸ். வலிப்பு இல்லக்கா. கிளாரினெட்டு. நாலு மாசமா பக்கத்து ரூம்ல நான் தச்சுக்கிட்டே கேட்ட பாட்டு, எனக்குத் தெரியாதா? விரலைப் பாத்துக்கிட்டே கூடப் பாடினேன். அவ்வளவு சந்தோஷம்க்கா எனக்கு. முழிச்சுக்கப் போறாருன்னு நெனச்சேன்.”

“அப்புறம்?” என்றாள் பேராசிரியை.

“பாட்டு நல்லா மேல ஏறிக்கிட்டே இருந்துச்சு. கடைசிப் பக்கம்தான் பாக்கி. முடிச்சிட்டார்னா கண்ணைத் தொறந்துடுவாருன்னு எனக்கு ஒரு நம்பிக்கை. திடீர்னு விரலு நின்னுடுச்சு. பாதி வரியில. அப்பவே மெஷினும் கூவ ஆரம்பிச்சுது. டாக்டருங்க ஓடி வந்தாங்க. ஒண்ணும் பண்ண முடியல.”

“மணி...?”

“நர்ஸ் எழுதி வச்சிருக்காங்க. பதினொண்ணு முப்பத்தெட்டு.”

பேராசிரியையின் கைப்பையில் அந்த மார்க் தாள் இருந்தது. அதில் நூற்றுக்கு நூறு என்று இருந்தது. அதற்குக் கீழே, அவள் கையெழுத்தில், நிறுத்தச் சொன்ன நேரமும் இருந்தது.

மனைவி அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

“நல்லாத்தானேக்கா வாசிச்சிட்டிருந்தாரு...” என்றாள். “ஏன்க்கா நிறுத்தினாரு?”