தானாகக் கழன்றுகொள்ளாத பின்

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் யாரும் முழுப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. ஒரு பின் கொடுங்கள் என்பார்கள். எந்தப் பின் என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். ராஜபாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் கேபிள் வயரும் அதன் முனையில் மாட்டுகிற பின்னும் விற்றுக்கொண்டு எத்தனையோ வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவேன். செட்டாப் பாக்ஸ் தகராறு என்றால் எஃப் பின். அதில் வயரின் செம்புக் கம்பியே முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கும், மரையை முழுக்கத் திருகி ஏற்ற வேண்டும். பாதி திருகிவிட்டு, படம் கட்டம் கட்டமாக உடைகிறது, நீங்கள் கொடுத்தது மட்டமான சரக்கு என்று சண்டைக்கு வருவார்கள். பழைய டிவிடி பிளேயரோடு இன்னும் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு ஆர்சிஏ, அதாவது மஞ்சள் பின். வெறுமனே செருகுவதுதான், எலி இழுத்தால்கூட வந்துவிடும். அய்யனார் கோவில் பக்கத்து மாந்தோப்புக்காரர்கள் கம்பத்து உச்சியில் ஆன்டெனா கட்டி நெட் இழுக்கிறார்கள். மழை தாங்க வேண்டும் என்பதால் அவர்களுக்குத் தடியான என் டைப். வைஃபை பெட்டியின் முதுகில் ஆன்டெனாவைத் திருகி ஏற்றுகிற குட்டி மரைக்கு எஸ்எம்ஏ என்று பெயர், அது தொலைந்தால் தரையில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

கேமராவுக்கு பிஎன்சி. எனக்குப் பிடித்த பின் அது. அழுத்திக் கால் சுற்று சுற்றினால் போதும், ரெக்கார்டர் பெட்டியில் இருக்கும் இரண்டு குமிழும் பின் வளையத்தின் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு ஆட்டினாலும் இழுத்தாலும் வராது. மறுபடி அழுத்தி எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் வரும். கேமரா வாங்குகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். பிஎன்சி தானாகக் கழன்றுகொள்ளாது, கழன்று கிடந்தால் ஒரு கை பட்டிருக்கிறது என்று அர்த்தம். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்திருந்த என் மகனுக்கு இது காதில் விழுந்து விழுந்தே மனப்பாடமாகிவிட்டது.

போன வருஷம் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறியது. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். முன்பு இரண்டு பேரும் சேர்ந்து கடைக்கு வருவோம், இப்போது நான் மட்டும் பஸ் ஏறுகிறேன். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வன்னியம்பட்டியிலிருந்து ஒரு பெண் வருகிறாள். பெங்களூரில் வேலையில் இருக்கும் மகன் லீவில் வந்து வீட்டுக்குள்ளும் வெளியிலுமாக நாலு கேமரா மாட்டினான். பின்கள் எல்லாம் நம் கடைச் சரக்கு, வயரில் வைத்து இடுக்கியால் இறுக்கியது நான்.

மாட்டிய கொஞ்ச நாளிலேயே அவர் ஹாலில் விழுந்தார். மகன் அதைப் பெங்களூரிலிருந்தே பார்த்துவிட்டான். இன்னொரு தடவை அப்பா விழுந்தால் கடையையும் வீட்டையும் பூட்டிவிட்டு இரண்டு பேரையும் தன்னோடு கூட்டிப் போய்விடுவேன் என்றான். பாசத்தில் சொன்னதுதான், எனக்குத் தெரியும். ஆனால் அவன் குடியிருப்பது பதினோராவது மாடி. அங்கே ஜன்னல் ஓரத்தில் அவரும் சமையலறையில் நானுமாக மிச்ச காலத்தை ஓட்ட எனக்குத் துளியும் மனசில்லை. யாரும் பிடிக்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் ஹால் கேமரா இருட்ட ஆரம்பித்தது. கடையில் இருந்தபடி போனில் பார்ப்பேன். வாசல், அடுப்படி, பின்வாசல் மூன்றும் தெரியும், ஹால் மட்டும் கருப்பாக இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் போகும், காபி நேரத்துக்குள் திரும்பி வந்துவிடும். நான் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கோளாறும் கிடையாது.

முதலில் பின்னைத்தான் சந்தேகப்பட்டேன். புதுசு மாற்றினேன், வயரை முழுக்கத் தடவிப் பார்த்தேன், எலிப் பல் எதுவும் படவில்லை. கரண்ட் என்றால் நாலும் போக வேண்டும். டிவி ஸ்டாண்டில் இருக்கும் ரெக்கார்டர் பெட்டியின் பின்னால் நாலு பிஎன்சி வரிசையாக நிற்கிறது, அதில் ஹாலுடையதை மட்டும் ஒரு கை கழற்றுகிறது. அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது இரண்டு பேர். அவருக்குக் கை வராது, சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். மிச்சம் அவள்தான்.

சந்தேகம் எனக்குக் கூடப் பிறந்தது. பூக்காரி முழம் போடும்போதே நான் அவள் முழங்கையைப் பார்க்கிற ஆள். அன்று முதல் வீட்டுக்குள் நுழைந்ததும் அரிசி டின், சீனி டப்பா, பித்தளைக் குத்துவிளக்கு, பீரோச் சாவி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஒன்றுகூடக் காணாமல் போகாதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அப்படியானால் எதற்காகக் கழற்றுகிறாள், யாரை உள்ளே விடுகிறாள் என்று மண்டை காய்ந்தது.

நேராகவே கேட்டேன். அவள் கழுத்துச் சிலுவையை விரலால் உருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"அந்த வயருல நான் கை வைக்கலக்கா. சத்தியமா வைக்கல."

பொய் சொல்கிறவளுக்குத்தான் சத்தியம் தேவைப்படும் என்று நினைத்துக்கொண்டேன். மகனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஆளை மாற்றிவிடு என்றான். கான்சாபுரத்தில் ஒரு பெண்ணை விசாரித்தும் வைத்துவிட்டேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டு நிறுத்தலாம் என்று, மறுநாள் கிளம்புவதற்கு முன் அந்த பிஎன்சி வளையத்தில் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துத் தடவிவிட்டுப் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் குங்குமம் கலைந்திருந்தது. வெற்றிலை மடிக்க வேண்டும், இங்கே வா என்று சாக்குச் சொல்லி அவள் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தன. சோப்புப் போட்டிருப்பாள் என்று பல்லைக் கடித்தேன். அவள் பஸ்ஸுக்குப் போன பிறகு அவருக்குக் காபி கொடுத்தேன். இடது கையை நீட்டி வாங்கினார். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் சிவப்பு ஒட்டியிருந்தது.

அழுத்திக் கால் சுற்று, அவ்வளவுதானே. அதற்கு இடது கை போதும் என்பது இத்தனை வருஷம் அதை விற்றவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர் ஏன் கழற்ற வேண்டும்? அவளும் தெரிந்தே மறைத்திருக்கிறாள். அடுத்து என் புத்தி எங்கே போனது என்பதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் போனது. ராத்திரி அவர் பக்கத்தில் படுக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் கடையை மத்தியானமே பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். வாசல் பக்கம் போனால் கேமராவில் விழுவேன் என்று பக்கத்து வீட்டுக்காரர்களின் கொல்லை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து ஹால் ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

நாற்காலி காலியாக இருந்தது. அவர் நடந்துகொண்டிருந்தார். கம்பும் இல்லை, பிடிமானமும் இல்லை. வலது காலைத் தரையோடு இழுத்து இழுத்து வைத்தார். அவள் எதிரே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள், ஆனால் தொடவில்லை. டிவி ஸ்டாண்டை நெருங்கும்போது கால் மடங்கிச் சரிந்து விழுந்தார். நான் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் குனிந்தாள்.

"தொடாத," என்றார். மூச்சு வாங்கியது. இடது கையை ஊன்றி, முட்டி போட்டு, ஸ்டாண்டைப் பிடித்து அவராகவே எழுந்தார்.

"போதும் அண்ணாச்சி. அக்காட்டயாச்சும் சொல்லிருவோம். அவிய என்னத்தான் சந்தேகப்படுதாவ."

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "அவட்ட சொன்னா... அவன்ட்ட சொல்லிருவா. கூட்டிட்டுப் போயிருவான்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஊரையே சந்தேகப்படுகிறவள் நான், என்னை ஒருவர் சந்தேகப்படுவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கோபித்துக்கொள்ள எனக்கு வழியும் இல்லை. அவர் பாத்ரூமில் வழுக்கியது, சாப்பிட மறுத்தது, ராத்திரி முனகியது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் மகனுக்கு ஒப்பித்தது நான்தான். வந்த வழியே திரும்பிப் போய், பஸ் ஸ்டாப் நிழலில் உட்கார்ந்திருந்துவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். அவள் அன்று கிளம்பும்போது, நாளைக்கு வந்துரு என்று சொன்னேன். என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

மகன் போன் செய்தான். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். அவர் இடது கையில் காபி டம்ளர். அந்தப் பெண்ணை நிறுத்தியாச்சா என்று கேட்டான்.

"இல்லலே. அவ மேல தப்பு இல்ல. பின்னுதான் லூசு, தானா கழண்டுருக்கு."

டம்ளர் பாதி வழியில் நின்றது.

"அம்மா, பிஎன்சி தானா கழண்டுக்கிடாது. நீதான கடையில எல்லார்ட்டயும் சொல்லுவ?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது கழண்டுக்கிடும்லே," என்றேன்.