சவுக்குத் தோப்பிலிருந்து வந்த குரல்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். திண்டிவனத்தில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறேன், கண்ணால் பார்க்காத எதையும் எழுதித் தரமாட்டேன். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவர் குமாரும் பைக்கில் மரக்காணம் பக்கம் போனோம். உப்பளங்களைத் தாண்டி, சவுக்குத் தோப்புக்குள் புகுந்து வெளியே வந்தால் ஆளே இல்லாத கடற்கரை. அவ்வளவு அழகு. காலை பதினொன்றரை இருக்கும், வெயில் பளீரென்று அடிக்கிறது, கடல் குளம் மாதிரி கிடக்கிறது. இரண்டு பேரும் இறங்கினோம். அவர் கடலைப் பார்த்தபடி இடுப்பளவு தண்ணீரில், நான் கொஞ்சம் தள்ளி முழங்காலளவில், அவருக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தேன்.

அப்போதுதான் தோப்பிலிருந்து அவர் குரல் கேட்டது.

"சுமதி, புள்ள அழுவுது, ஜல்தி வா!"

எப்போது கரையேறினார் என்றுகூட யோசிக்கவில்லை, விழுந்தடித்து ஓடினேன், துப்பட்டா தண்ணீரில் நழுவியதைக்கூட எடுக்கவில்லை. மணலில் ஏறிப் பார்த்தால் தோப்பில் ஒருவருமில்லை. திரும்பினால், அவர் கடலிலிருந்து மூச்சிரைக்க ஓடி வருகிறார்.

"புள்ள எங்கடி?"

"நீங்கதான கூப்டீங்க?"

"நான் எங்க கூப்டேன்? நீதான புள்ள அழுவுதுன்னு தோப்புலேர்ந்து கத்தின!"

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. கல்யாணமாகி ஆறு வருடம், எங்களுக்குக் குழந்தையே இல்லை.

அந்த நேரம் பார்த்து நாங்கள் நின்ற இடத்தில் தண்ணீர் சுழன்று உள்வாங்கியது. மிதந்துகொண்டிருந்த என் துப்பட்டா ஒரே இழுப்பில் உள்ளே போனது, மேலே வரவே இல்லை.

தோப்போரமாகக் கருவாட்டுக் கூடையோடு வந்த ஓர் அம்மா எங்களைத் திட்டினாள்.

"அந்த எடத்துல பள்ளம் இருக்குதும்மா, எத்தினி பேர இழுத்துக்கினு போயிருக்குது. புள்ளைய தனியா உட்டுட்டா எறங்குவீங்க? எவ்ளோ நேரமா அழுதுக்கினு கெடந்துச்சு!"

"எங்க அழுதுச்சு?" என்று கேட்டேன். அவள் தோப்பைக் கைகாட்டினாள். மூன்று பேரும் மரம் மரமாகத் தேடினோம். எதுவும் இல்லை. அவளும் கூடையைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள்.

உடனே பைக்கில் கிளம்பிவிட்டோம். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் கவனித்தேன், வழியெல்லாம் அவர் டேங்கை ஒட்டி முன்னால் தள்ளியே உட்கார்ந்திருந்தார், நானும் பின்னால் ஒதுங்கியே வந்திருக்கிறேன். எங்கள் நடுவில் ஒரு குழந்தை உட்காருகிற அளவுக்கு இடம். இன்றைக்கும் அப்படித்தான் போகிறோம். நெருங்கி உட்கார் என்று அவரும் சொல்வதில்லை, எனக்கும் தைரியம் வரவில்லை.