பின் சீட்டை யாரும் பார்க்கவில்லை

வேகமாகப் போகும் சொகுசு ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது என் கணவரின் நெடுநாள் ஆசை. எர்ணாகுளத்தில் இருவரும் ஓட்டிப் பார்த்தோம். பிக்கப், பிரேக் எல்லாம் பிரமாதம். பின் சீட்டில் நாங்கள் உட்காரவே இல்லை.

வண்டி வந்ததும் மாமனாரை மட்டாஞ்சேரியில் அவர் நடத்தி வந்த அரிசி மண்டிக்கு அழைத்துப் போனோம். தாழ்வான அந்த சீட்டிலிருந்து அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அவரிடம் மூட்டை சுமந்த இருவர் ஓடி வந்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள்.

"சாரமில்ல, பரவால்ல முதலாளி, ஒரு சாக்கு அரிசி கனம்கூட இல்ல நீங்க" என்றார் ஒருவர், அன்பாகத்தான். மாமனாரும் சிரித்தார். வீட்டு வாசலில் நான் நீட்டிய கையை விலக்கிவிட்டு, கதவைப் பிடித்துத் தானே இறங்கப் பார்த்தார்.

அதன்பின் எங்கே கூப்பிட்டாலும், "முட்டு வலிக்கறது, நீங்க போயிட்டு வாங்கோ" என்பார். ஆட்டோ பிடித்துத் தரலாம் என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை. மண்டியை மறுபடி பார்க்காமலே, போன மழைக்காலத்தில் காலமானார்.

இப்போது அந்தக் காரை விற்கிறோம். வருகிறவர்கள் பிக்கப்பைத்தான் கேட்கிறார்கள். வீட்டிலிருக்கும் பெரியவரை அழைத்து வந்து பின் சீட்டில் உட்காரவையுங்கள், யார் கையையும் பிடிக்காமல் அவர் இறங்கினால் வாங்குங்கள் என்கிறேன். பலர் திரும்பி வருவதில்லை. என் கணவர் பக்கத்திலேயே நிற்கிறார். ஒருநாளும் என்னைத் தடுத்ததில்லை.