சொல்லுக்குப் பின்னால் ஒரு தூண்

கொட்டாஞ்சேனையில் வீட்டுப் பிளான் கீறும் அந்த மெலிந்த மனிதருக்கு, மவுஸைத் தொடுமுன் சட்டை நுனியால் திரையைத் துடைக்கும் பழக்கம். வெள்ளவத்தையில் நாங்கள் வாங்கிய ஃபிளாட்டின் பிளானை முன்பு கீறியவரும் அவர்தான்.

"வீட்டு ஹோலைப் பெருப்பிக்கிறம். உங்கட பிளானைப் பார்த்துத்தான், மேசன் பாஸ் குசினிச் சுவரை உடைக்கத் தொடங்கிட்டார்," என்றேன்.

"எந்தச் சுவர், மிஸ்?"

திரையில் காட்டினேன். சுவர்க்கோட்டின் மேல், சமையலறை என்பதற்கு 'குசினி' என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லை அவர் மெல்ல நகர்த்தினார். அடியில் ஒரு தூண் நின்றது.

"எழுத்து வடிவாத் தெரிய வேணுமெண்டு பின்னால இருக்கிற கோடுகளை மறைச்சு விடுறது. நான்தான் மறைச்சனான். மேசன் பாஸுக்குக் கோல் எடுங்கோ, கெதியா!"

எங்கள் ஃபிளாட்டுக்கு மேலே ஐந்து மாடி ஆட்கள். சுத்தியல் சத்தத்தில் பாஸுக்கு ஃபோன் எங்கே கேட்கும்? நாலாம் தரம்தான் எடுத்தார்.

"உள்ளுக்குக் கம்பி தெரியுது மிஸ், வெட்டவா?"

"வெட்டாதேங்கோ!" இரண்டு பேரும் சேர்ந்து கத்தினோம்.

எனக்கு மூச்சு வந்தது. அவருக்கு வரவில்லை. "இருபது வருஷமா இப்பிடித்தான் எழுதுறன்," என்றவர், வேறொரு வீட்டின் பிளானைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக நகர்த்தத் தொடங்கினார். நான் போய்வருகிறேன் என்றது அவருக்குக் கேட்கவில்லை.

அன்று காலி வீதியின் ஒவ்வொரு மாடிக் கட்டிடத்தையும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் கடந்தேன்.