மெமரி தீர்வதற்கு முன்னால்

விழுப்புரத்திலிருந்து வாரம் இரண்டு நாள் திண்டிவனம் போய், ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலைகளில் ஒன்று. பழைய லினக்ஸ் இயந்திரம். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் கூடியதும் திரை உறைந்துவிடும்.

"மவுஸ்கூட நகர மாட்டேங்குதுண்ணா. ஜனங்க என்னத்தான் திட்டிக்கினு இருக்காங்க," என்றாள் அங்கிருந்த டெக்னீசியன் பெண்.

மெமரி நிரம்பினால், அதிகம் பயன்படாததை லினக்ஸ் டிஸ்குக்கு நகர்த்தி இடம் பிடிக்கும். டிஸ்க் மெதுவானது, அதனால்தான் உறைகிறது என்று நானே முடிவு கட்டினேன். நகர்த்தவே வேண்டாம் என்று, எவ்வளவு நகர்த்தலாம் என்பதைச் சொல்லும் எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை, இடம் பிடிக்க வழியில்லாத லினக்ஸ் ரிப்போர்ட் மென்பொருளையே நிறுத்திவிட்டது. அப்போது பதிவாகிக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் சர்க்கரை அளவும் அதோடு போயிற்று. மறுபடி சோதிக்க ரத்தம் மிச்சமில்லை. போன் வந்து நான் போய்ச் சேர்வதற்குள் அவர் டீயும் பன்னும் சாப்பிட்டிருந்தார்.

"என் தப்புதாம்மா. நாளைக்கு வெறும் வயித்தோட இன்னொரு தடவ வரணும்," என்றேன்.

"மல்லாட்டை புடுங்குற ஆளுங்கள அப்படியே வுட்டுட்டு வந்தேன் தம்பி. நாளைக்குமா?"

முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு வேர்க்கடலைக் கொல்லைக்குக் கிளம்பினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

பழைய எண்ணைத் திரும்பப் போட்டேன். மறுநாள் கூட்டம் வருமுன்பே போய், காலி இடம் குறைவதைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. காலி இடம் ஏறக்குறைய தீரும்வரை லினக்ஸ் எதையும் நகர்த்தி இடம் ஒழிக்கத் தொடங்கவே இல்லை. தீர்ந்தபின் ஒவ்வொரு மென்பொருளும் தன் வேலையை நிறுத்திவிட்டு இடத்துக்காகக் காத்து நின்றது. பின்னணியில் ஒழிக்கும் வேலை சீக்கிரமே தொடங்கும்படி, எப்போதும் காலியாக மிச்சம் இருக்க வேண்டிய அளவைக் கொஞ்சம் உயர்த்தினேன். அரை மணி நேரம் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம்.

அந்த அம்மா வந்து மறுபடி கையை நீட்டினார். ரிப்போர்ட் தடங்கலில்லாமல் அச்சாகி வந்தது.

"எவ்ளோ இருக்குது?" என்று டெக்னீசியனிடம் கேட்டார்.

"கொஞ்சம் ஜாஸ்திதாம்மா. டாக்டர்கிட்ட காட்டுங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பதினோரு மணிவரை நான் நகரவில்லை. ஒரே ஒருமுறை சில நொடிகள் திணறி, திரை தானாகவே மீண்டது. டெக்னீசியன் அதைக் கவனிக்கவே இல்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.