சுத்தியல் கை நீட்டிய காலை

பஸ் டிப்போவில் கூட வேலை செய்யும் மெக்கானிக்குகள் அவருக்கு வைத்த பெயர் சுத்தியல். இறுகிப்போன நட்டை மற்றவர்கள் எண்ணெய் விட்டுக் காத்திருந்து கழற்றுவார்கள்; இவர் ஓங்கி ஒரே போடு. மனிதர்களிடமும் அதே வைத்தியம்தான். வண்டி நிறுத்துகிற தகராறில் பக்கத்து வீட்டுக்காரரின் தாடையைப் பெயர்த்த அன்று மனைவி சண்டை போடவில்லை, அழவில்லை. இன்னொரு தடவை யார் மேலாவது கை வைத்தால் சேர்ந்து வாழ்ந்தது போதும் என்று மட்டும் சொன்னாள். சொன்னால் செய்கிறவள்.

பைனாகுலர் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு யாரை அடிக்க முடியும் என்பது அவள் கணக்கு. கணக்கு தப்பவில்லை. பறவை பார்க்கிறவர்களோடு சேர்ந்தவர் மூன்று குளிர்காலமாகப் பெட்டிப் பாம்பாக அடங்கியிருந்தார். தம்பட்டம் மட்டும் குறையவில்லை. போன வாரம் சதுப்பு நிலத்தில் வலசை வாத்துகளைக் கண்டதும் தலைகால் புரியாமல் படம் எடுத்து, ஊரெல்லாம் பார்க்கும்படி போனில் போட்டார். பறவைகள் அடையும் இடத்தை வெளியே காட்டக் கூடாது என்பது அவர்களுடைய முதல் விதி. படத்தில் வாத்துகளுக்குப் பின்னால் இடிந்த பம்ப் கொட்டகை பளிச்சென்று தெரிந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

இந்த ஞாயிறு விடியும்போதே மழை. குளிர் எலும்பைத் துளைத்தது. அவரும் மனைவியும் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டே சதுப்பு நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கோரைப்புல்லுக்கு நடுவே ஒரு பருந்து நாமக்கோழி என்கிற நீர்ப்பறவையைத் தண்ணீரில் அமுக்கி, உயிர் போகுமுன்பே கிழிக்க ஆரம்பித்தது. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் கண்ணெடுக்காமல் பார்த்தார். அப்போதுதான் கொட்டகைப் பக்கமிருந்து சிறகடிக்கும் சத்தம் கேட்டது.

நீளமாகக் கட்டிய வலையில் வாத்துகள் தலைகீழாகத் தொங்கித் துடித்தன. ஒல்லியான ஓர் ஆள் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கழுத்தைத் திருகிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான்.

சுத்தியல் பாய்ந்த வேகத்தில் சேறு தெறித்தது. முதல் குத்திலேயே வலைக்காரனின் மூக்கு உடைந்தது. விழுந்தவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அண்ணே, விட்டுடுங்க. யாரோ போன்ல படம் போட்டிருந்தாங்க. அந்தக் கொட்டகையப் பாத்துதான் எடம் தெரிஞ்சுது. இல்லன்னா இங்க வாத்து இருக்கறதே எனக்குத் தெரியாது."

யாருடைய படம் என்று சுத்தியலுக்குச் சுருக்கென்று உறைத்தது. அவமானத்தில் காது எரிந்தது. நியாயமாகப் பார்த்தால் கை அங்கேயே தொங்கிப்போயிருக்க வேண்டும். மாறாக, அப்போதுதான் வெறி பிடித்தது. அவன் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து வாயிலேயே குத்தினார். பல் உடைந்து அவர் விரலையும் கிழித்தது; அப்போதும் நிறுத்தவில்லை. அந்த வாய் இன்னொரு தடவை அதைச் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மனைவி பின்னாலிருந்து மழைக்கோட்டைப் பிடித்து இழுத்து அவரைச் சேற்றில் தள்ளினாள். தன் கழுத்தில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து வலைக்காரனின் வாயில் அழுத்தினாள். பிறகு அவனைத் தாங்கிப் பிடித்து ஸ்கூட்டரில் உட்காரவைத்தாள். வாத்துகளைக் கொன்றான், அதனால்தான் அடித்தேன் என்று அவர் மூச்சு வாங்கியபடி சொல்லிப் பார்த்தார்.

"வாத்துக்காக அடிச்சது மொதக் குத்து மட்டுந்தான். மத்ததெல்லாம் உங்க தப்ப அவன் சொல்லிட்டான்னு. பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

வீட்டுக்கு வருவாளா என்று கேட்டார். அவள் வண்டியைக் கிளப்பினாள்.

"இவர ஆஸ்பத்திரில சேத்துட்டு என் துணிமணிய எடுக்க வருவேன். அப்ப நீங்க அங்க இருக்காதீங்க."

வண்டிச் சத்தம் மழையில் கரையும்வரை நின்றார். வலையில் நாலைந்து வாத்துகள் இன்னும் உயிரோடிருந்தன. அவற்றையாவது விடுவிக்கலாம் என்று ரத்தம் வழியும் கையோடு கிட்டே போனார். அவர் நெருங்க நெருங்க அவை மூர்க்கமாக உதறிக்கொண்டு வலையை இன்னும் இறுக்கிக்கொண்டன.